ஆரத்தித் தட்டில் வைத்த மனு

பூபாலன் பதினோரு ஆண்டுகளில் இருபத்தேழு மனுக்கள் கொடுத்தவர். முதல் ஒன்பதைக் காஞ்சிபுரத்தில் கொடுத்தார். மாவட்டம் பிரிந்த பிறகு மீதிப் பதினெட்டையும் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில், திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் வரிசையில் நின்று கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வைத்திருந்தார்.

கேட்டது ஒன்றுதான். திருக்கழுக்குன்றத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் பகல்நேர மையத்துக்கு அரசு மானியம் வேண்டும். பதினெட்டு வயதைத் தாண்டிய முப்பத்தொரு பேர் அங்கே காலை ஒன்பதரைக்கு வந்து நாலு மணிவரை இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பூபாலனின் மகள் சிநேகா, வயது முப்பது. பூபாலன் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணியாளர். மனைவி காசியம்மாளுக்கு மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. மையம் திறப்பதற்கு முன் ஒரு வருஷம், சிநேகாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் இருவரும் வேலைக்குப் போனார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிப்ரவரி மாதம் அறக்கட்டளைச் செயலாளர் பெற்றோர்களைக் கூப்பிட்டார். நன்கொடை நின்றுவிட்டது, ஏப்ரல் முப்பதாம் தேதி கட்டடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். மானியம் வரும் என்பதற்கு எழுத்தில் ஏதாவது பிடிமானம் கிடைத்தால் டிசம்பர் வரை இழுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எல்லோரும் பூபாலனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் தேர்தல் தேதி அறிவித்தார்கள். குறைதீர்ப்பு நாளை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். பூபாலன் இருபத்தெட்டாவது மனுவை அதில் போட்டார். பெட்டி சீட்டுத் தராது. கொஞ்ச நேரம் அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ் ஏறினார்.

அந்த வாரம்தான் ஜெஸ்ஸி வாயைத் திறந்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து குடிவந்து ஒன்றரை வருஷம் ஆனவள். அவளுடைய பத்தொன்பது வயது மகனும் மையத்தில் இருந்தான்.

"மனு குடுக்குற எடத்த மூடிட்டாங்க. ஓட்டு கேக்குறவங்க தெருவுக்கே வராங்க. அங்கியே கேப்போம்" என்றாள்.

"தெருவுல நின்னு கேக்க இது இன்னா தண்ணி லாரியாம்மா?" என்றார் பூபாலன். "இதுக்குன்னு ஒரு முறை கீது."

"முறையாக் கேட்டு பதினோரு வருஷம் ஆச்சே அண்ணாத்த" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்றவர்களும் சிரித்ததுதான் அவருக்கு உறுத்தியது.

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு முதல் வேட்பாளரின் பிரசார வண்டி வந்தது. பூபாலன் பஸ் நிலையத்துக்கு எதிரே தனியாகக் கோப்போடு நின்றார். வேட்பாளர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். வண்டி வேகம் குறையாமல் போய்விட்டது. இருநூறு அடி தள்ளிப் பதினோரு பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அங்கே நின்றது. ஆரத்தி எடுக்கும் இடத்தில் நிற்காத வேட்பாளர் கிடையாது.

தட்டில் நோட்டுப் போடுவது வழக்கம். ஆனால் வண்டிக்குப் பின்னாலேயே தேர்தல் கண்காணிப்புக் குழுவின் ஆள் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாக்கெட்டுக்குப் போன வேட்பாளரின் கை அங்கேயே நின்றுவிட்டது. போடவும் முடியாது, போடாமல் நகர்ந்தால் பதினோரு பெண்களின் முகம் வாடும். ஜெஸ்ஸியின் தட்டில் மட்டும் மஞ்சள் நீர் இல்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தன.

"டப்பு வேணாம் சார். இதுல ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

நாலே வரி. மையத்துக்கு மானியம் பெற்றுத் தருவேன் என்ற உறுதி. பாக்கெட்டிலிருந்து கையை எடுக்க ஒரு வேலை கிடைத்த நிம்மதியில் வேட்பாளர் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைக் கேள்விப்பட்டு, அடுத்த இரண்டு நாளில் வந்த மற்ற இருவரும் போட்டார்கள்.

பூபாலனின் மனு மூன்று பக்கம். சட்டப் பிரிவுகளோடு இருக்கும். இருபத்தேழு முறை போயும் அதில் ஒரு கையெழுத்து விழுந்ததில்லை.

அன்று பதினோரு தட்டில் மூன்றாவது தட்டைப் பிடித்திருந்தவள் காசியம்மாள். வீட்டில் சோறு போடும்போது அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கைய பாக்கெட்ல வுட்டுகினு அந்தாளு முழிச்ச முழி கீதே. ஜெஸ்ஸிக்கு நல்ல மூளை."

"கொழம்புல உப்பு கம்மி" என்றார் பூபாலன்.

"உப்பு சரியாத்தான் கீது. உனுக்குத்தான் எரியுது."

எரியத்தான் செய்தது. பதினோரு வருஷம் வெயிலில் வரிசையில் நின்றது அவர். நேற்று வந்தவள் நாலு வரியில் பெயர் வாங்கிக்கொண்டாள். மையத்து ஆயா முதல் வேன் டிரைவர் வரை 'ஜெஸ்ஸியம்மா மனு' என்றே சொன்னார்கள்.

கையெழுத்து மட்டும் போதாது என்றார் செயலாளர். முதலில் கையெழுத்துப் போட்ட வேட்பாளர், தொகுதிக்கான வாக்குறுதிகளை நோட்டீசாக அச்சடிக்கிறார். அதில் மையத்தின் பெயரும் அரசாங்கத்தில் நிலுவையில் உள்ள கோப்பின் எண்ணும் வந்தால் அதை நம்பி டிசம்பர் வரை நடத்தலாம். எண் கொடுக்கப் புதன்கிழமை மாலை ஆறு மணிவரைதான் நேரம். அந்த எண் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. பதினான்காவது மனுவுக்கு வந்த பதிலில் இருந்த எண். சொந்த போன் நம்பரைப் போல பூபாலனுக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை ஜெஸ்ஸி வீடு தேடி வந்தாள். "அண்ணாத்த, அந்த ஃபைல் நம்பரக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே குடுத்துடுவேன்."

"தேடணும்மா. பீரோவுல எங்கனா இருக்கும்."

காசியம்மாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் 'எங்கனா' இருக்கிற காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஜெஸ்ஸி போன் செய்தபோதும் "இன்னும் ஆப்டல" என்றார்.

புதன்கிழமை லீவு போட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோப்போடு மாமல்லபுரத்தில் இருந்த அந்த வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்குத் தானே போனார். எண்ணைத் தன் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்தது யார் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். இரண்டே முக்காலுக்கு உள்ளே நுழைந்தார். மேசையில் சரவணகுமார் என்ற ஆள் இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேட்டருண்ணா?"

பூபாலன் கோப்பைப் பிரித்து, காஞ்சிபுரத்தில் கொடுத்த முதல் மனுவிலிருந்து தொடங்கினார். இரண்டாவது மனுவுக்கு வருவதற்குள் சரவணகுமார் கையைக் காட்டினார். "மனுவா? அந்தச் சேர்ல வெச்சிட்டு குந்துங்க. அண்ணன் வந்தா பாப்பாரு."

அந்த நாற்காலியில் முழங்கால் உயரத்துக்கு மனுக்கள் கிடந்தன. பூபாலன் தன்னுடையதை அதில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஜெஸ்ஸியிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு சரவணகுமார் அச்சகத்தோடு பேசினார். "அந்த ஜெஸ்ஸியம்மா மேட்டருக்கு நம்பர் வரலப்பா. ஆறாவதத் தூக்கிடு. அந்த எடத்துல ரோடு போட்ரு."

பூபாலன் எழுந்தார். "தூக்க வாணாம். நம்பர் எங்கிட்ட கீது."

"நீங்க யாரு?"

பதினோரு வருஷத்தைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மறுபடியும் பெஞ்சுதான் என்பதும், அச்சகம் போனில் காத்திருப்பதும் தெரிந்தது. வீட்டு வெளிக்கதவின் பூட்டு ஞாபகம் வந்தது.

"ஜெஸ்ஸியம்மா அனுப்ச்சாங்க."

"மொதல்லியே சொல்றதில்லியா? மூணு மணி நேரமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

பூபாலன் கோப்பைத் திறக்காமலே எண்ணைச் சொன்னார். சரியாக எழுதினாரா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

நோட்டீசில் ஆறாவதாக அது வந்தது. செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, டிசம்பர் வரை மையம் நடக்கும் என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தார். ஜெஸ்ஸியின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழுந்து, "நம்பர் இல்லன்னா ஒண்ணும் நடந்திருக்காது. பூபாலன் அண்ணாத்ததான் கடேசி நேரத்துல போயி குடுத்தாரு" என்றாள். அவருக்கும் கைதட்டினார்கள். இரண்டு நாள் தேடியதாகச் சொன்னதை அவள் நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் மெல்லச் சொன்னார். "அவளுக்கு ரொம்ப நேரம் தட்டுனாங்க."

காசியம்மாள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "அதையும் எழுதி வெச்சிகினியா?"

 தேர்தல் முடிந்ததும் யாராவது ஒருவர் கோட்டைக்குப் போய் அந்தக் கோப்பைத் தேட வேண்டியிருக்கும். யாரை அனுப்புவது என்று அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். கோட்டையில் எந்த மாடி, எந்தப் பிரிவு என்று பூபாலனுக்குத் தெரியும். ஜெஸ்ஸிக்குத் தெரியாது. அவள் கேட்டால் சொல்லிவிடுவதா, நானும் கூட வருகிறேன் என்பதா என்று இறங்கும் இடம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.