நான் கடித்த கை

யுத்தம் முடியும் தறுவாயில் இருந்த வருடம் அது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய காலம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயது. நான் கடிக்கிற பிள்ளையாக இருந்தேன்.

விளையாட்டுக் கடி இல்லை. யாராவது என்னைப் பிடித்தால் பல் பதியும், ரத்தம் வரும். அந்தக் கோடையில் ஊரில் வாந்திபேதி கண்டிருந்தது. அம்மா காலையில் படுத்தாள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பேதிச் சாவு என்றால் உடலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, மாட்டுக் கொட்டத்தில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். சுகாதார விதிப்படி அது சரியான காரியம்தான். பின்னாளில் அதைவிட மோசமான விதிகளை நானே பிறருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். கதவு திறந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. திறந்தவர் என் சித்தப்பா. முதல் கடி அவருக்கு.

நான் குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அடங்காத பிள்ளையை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எத்தனை நடைமுறை உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டாரும் நடைமுறை தவறாதவர்கள்தான். கிறிஸ்தவக் குடும்பம் ஆகையால் முதல் மனு உபதேசியாரிடம் போனது. அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். ஆமென் சொல்வதற்கு முன்பே கையை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மேல்முறையீடு பந்தல்குடிப் பக்கத்தில் பேயோட்டும் கோடாங்கியிடம். சபையாருக்குத் தெரியாமல் வண்டியில் கூட்டிப்போனார்கள். அவர் வேப்பிலையால் அடித்து, உள்ளே இருப்பது யார் என்று கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்று இன்னும் அடித்தார்.

அதன் பிறகு வாய்க்கூடு வந்தது. களத்தில் பிணையல் சுற்றும் மாடு கதிரில் வாய் வைக்காமல் இருக்க மாட்டுவார்களே, அந்தக் கயிற்றுக்கூடு. பெரிய மாட்டுக்கு உரியது எனக்குப் பெரிதாக இருந்ததால் கன்றுக்குட்டியின் அளவில் ஒன்று பின்னினார்கள். சாப்பிடும்போதும் ஆராதனைக்குப் போகும்போதும் கழற்றுவார்கள். ஆண்டவர் முன்னால் வாய்க்கூட்டோடு நிற்பது மரியாதை இல்லை அல்லவா.

எங்கள் வீட்டில் அப்போது சமைத்துப் போட்டது அய்யாவின், அதாவது என் அப்பாவின், தங்கை; கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்த அத்தை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தை பின்னாலிருந்து வந்து என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். நான் திரும்பிக் கடித்தது அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. அன்று சாயங்காலம் அத்தை பெட்டியைக் கட்டினாள். ஒன்று இந்தப் பிள்ளையின் முன்பற்கள் போக வேண்டும், இல்லை தான் போக வேண்டும் என்றாள். பால் பல் விழுந்து முளைத்த பற்கள், பிடுங்கினால் மறுபடி வராது என்று அய்யா தயங்கினார். அந்த யோசனையின் சிறப்பே அதுதான் என்பது அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அருப்புக்கோட்டைச் சந்தைக்கு மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய வண்டியிலேயே என்னையும் ஏற்றினார்கள். எதற்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் மறைத்துப் பேசவில்லை. கடிக்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று நினைத்தார்கள் போலும்.

பல் பிடுங்குகிறவர் சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு துணியில், பிடுங்கிய பற்களைப் பரப்பி வைத்திருந்தார். அதுவே அவருடைய விளம்பரப் பலகை. எத்தனை என்று கேட்டார். மேலே நாலு, கீழே நாலு என்று சித்தப்பா சொன்னார். எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர்.

வாய்க்கூட்டைக் கழற்றினார்கள். சித்தப்பா கைகளைப் பிடித்தார், அய்யா கால்களை, வண்டிக்காரர் தலையை. குறடு உள்ளே போனது. முதல் பல் வந்த விதத்தை எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு என் தாடையை யாராலும் திறக்க முடியவில்லை. பொம்பளைக் கை என்றால் பிள்ளை இளகும் என்று பல் பிடுங்குகிறவர் சொல்லி, பக்கத்தில் வத்தல் குவித்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, வெற்றிலை போட்ட வாய், மிளகாய் அள்ளி அள்ளிச் சிவந்த கை. அவர் எழுந்து வந்து விரலை என் உதட்டுக்குள் விட்டதும் கட்டை விரலுக்குக் கீழே இருந்த சதையைக் கவ்விக்கொண்டேன்.

மிளகாய்க் காந்தல் பல் போன குழியில் இறங்கியது. வலி கூடக்கூடக் கடியும் இறுகியது. வண்டிக்காரர் கத்தினார். மூக்கைப் பொத்தினால் வாய் தானாகத் திறக்கும் என்று பல் பிடுங்குகிறவர் கையை நீட்டினார். அந்த அம்மாள் மற்றொரு கையால் அவரைத் தள்ளினார். அதுவரை என்னிடம் கடிபட்ட எல்லாரும் செய்த ஒன்றை அவர் செய்யவில்லை. கையை இழுக்கவில்லை. முகம் கோணி, கண்ணில் நீர் வழிய, அப்படியே குத்தவைத்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் கைய விடுங்கய்யா," என்றார். "நாலு பேரு சேந்து அமுக்குனா நானுந்தான் கடிப்பேன்."

விட்டால் ஓடிவிடுவாள் என்றார் அய்யா.

"எங்கைய வாயில வச்சுக்கிட்டு எங்க ஓடப்போறா? விடுங்க."

அய்யாதான் முதலில் விட்டார். பிறகு சித்தப்பா. வண்டிக்காரர் தலையை விட மனமில்லாமல் விட்டார். அம்மா செத்த நாளுக்குப் பிறகு, பல ஆட்களுக்கு நடுவே யார் கையும் என்மேல் இல்லாமல் நான் இருந்தது அப்போதுதான். என் பல் மட்டும் அவர் கையில் இருந்தது.

"மெதுவா விடு தாயி," என்றார் அந்த அம்மாள். "யாவாரம் எங்கயும் ஓடிப்போயிறாது."

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடிக்க ஒன்றும் மிச்சமில்லாதது போலத் தாடை தானாக இளகியது. வாயில் இருந்த ரத்தத்தில் என்னுடையது எது, அவருடையது எது என்று தெரியவில்லை. அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் பல்லைக் கடித்தபடி தன் வத்தல் குவியலுக்குப் போனார். அங்கே ஓர் ஆள் விலை கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பல் பிடுங்குகிறவர் அடுத்த பல்லுக்குக் குறடைத் துடைத்தார். அய்யா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போவோம்" என்றார். சித்தப்பா, இன்னும் ஏழு பாக்கி இருக்கிறதே என்றார். அய்யா வண்டியைப் பூட்டப் போய்விட்டார்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அத்தை தான் கிளம்பிப் போகும்வரை வாய்க்கூட்டை மாட்டினாள், நானும் கடித்தேன். ஆனால் அய்யா அதன் பிறகு என்னைப் பிடித்து அழுத்தவில்லை, பிறரை அழுத்தவும் விடவில்லை. பிடிக்கிற கைகள் குறையக் குறையக் கடியும் குறைந்து, ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. சொன்னபடியே அத்தை பெட்டியோடு காரியாபட்டிக்குப் போனவள் போனவள்தான். அவள் குழந்தையின் கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது.

பிற்பாடு சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, கடிக்கிற பிள்ளையிடமிருந்து கையை இழுக்காமல் இருப்பதைப் பற்றி ஒரு முழுப் பாடம் நடத்தினார்கள். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. கடிபடுகிறவரின் கை என்ன ஆகும் என்று எழுந்து கேட்டேன். தடித்த உறை போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. முதலுதவி வகுப்பில்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன்: மனிதக் கடி நாய்க்கடிக்குக் குறைந்ததல்ல, சீழ் வைத்துக் கை அழுகிப்போகும், நல்ல மருந்து வராத நாட்களில் விரலையே எடுக்க நேரும். எங்கள் சீமைக்கு அந்த மருந்து வந்து சேர யுத்தம் முடிந்தும் வெகு நாளாயிற்று.

வேலைக்குப் போன பிறகு அருப்புக்கோட்டைச் சந்தையில் அவரைத் தேடியிருக்கிறேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வத்தல் விற்ற பெண்களிடம் என் கையைக் காட்டி, இந்த இடத்தில் கடித்த தழும்புள்ள அம்மாளைத் தெரியுமா என்று கேட்டால் சிரித்தார்கள். கையில் காயம் இல்லாத வியாபாரி யார் என்றார்கள்.

என் வேலைக்காலத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் கொண்டுவந்த பிள்ளைகள் நிறைய. எல்லாரும் கையை விடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. சில பிள்ளைகள் ஓடின, சில கடித்தன, சில அப்படியே தரையில் உட்கார்ந்தன. ஒவ்வொரு தடவையும் என் கையை நீட்டும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்று அந்த அம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆறியதா, அழுகியதா என்று தெரியாத அந்த ஒரு கையைப் பற்றிக்கொண்டுதான் நான் வளர்ந்து ஆளானேன்.