கன்னியம்மாள் வீட்டுப் புகை

மலைப்பாதை வளைவில் பைக் சத்தம் கேட்டதும் கன்னியம்மாள் மரத்தில் ஒடித்து வைத்த இரண்டு பச்சை விளார்களை அடுப்பில் செருகிவிடுவார். சமைக்க ஒன்றும் இருக்காது. சாமைச் சோறு காலையிலேயே ஆக்கி இறக்கியாகியிருக்கும். ஆனாலும் வருகிறவர் வாசலை எட்டுவதற்குள் கூரைக்கு மேல் புகை எழுந்து நின்றாக வேண்டும். கண் எரிய, மூக்கு ஒழுக, இருமிக்கொண்டே வெளியே வந்து, வந்தவர் கையில் விவரம் எழுதிக்கொள்ளும் பரீட்சை அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் உள்ளே போய் மூன்றாவது விளாரையும் செருகுவார்.

"பொகை வந்தா வூட்ல ஆளு கீதுன்னு அர்த்தம். இத எவனும் மாத்தி எழுத முடியாது" என்பது அவருடைய கட்சி.

இந்தக் கட்சி பிறந்ததற்கு ஒரு பூட்டு காரணம். நான்கு வருஷத்துக்கு முன், அவரும் கணவர் தீர்த்தகிரியும் குடகுப் பக்கம் காபிக்கொட்டை பறிக்கப் போனார்கள். மூன்றே மாதம். மலையில் பாதிப் பேர் போய் வருகிற வழக்கமான பயணம்தான். போகும்போது கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லைக்கும் ஏழு புளியமரத்துக்கும் பட்டா கேட்டுக் கொடுத்திருந்த மனுவை விசாரிக்க, சரியாக அந்தச் சமயத்தில் ஓர் அதிகாரி வந்தார். பூட்டை முன்புறமும் பின்புறமும் ஆராய்ந்தார். 'நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டனர்' என்று எழுதினார். போய்விட்டார். மனு திரும்பி வந்தது.

"பூட்டப் பாத்தான், சரி. கொல்லையில ஏழு மரம் புளி காய்ச்சிக்கினு நின்னுச்சே, அது இன்னா எங்க கூட குடகுக்கு வந்துச்சா?"

ஊர் திரும்பிய கன்னியம்மாள் பூட்டைக் கிணற்றில் போட்டார். மறுபடி மனுக் கொடுத்தார். அன்று முதல் காபித் தோட்டத்துக்குத் தீர்த்தகிரி மட்டும் தனியாகப் போகிறார். கன்னியம்மாள் வீட்டை ஒரு மணி நேரம் கூட வெறுமையாக விட்டதில்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனால் பக்கத்து வீட்டு மங்கம்மாளைக் காவலுக்கு உட்கார வைப்பார். திரும்பி வந்ததும் முதல் வேலை, மங்கம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பது. தரை சூடாக இருக்க வேண்டும். ஒரு தரம் சில்லென்றிருந்தது என்று மங்கம்மாளோடு பதினைந்து நாள் பேசாமல் இருந்தார்.

கேள்வி கேட்க மலையேறி வருகிறவர்களை அவர் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார். செருப்பைக் கழற்றாதவன் வாசலில் நின்றே நாலு கோடு போட்டுவிட்டு ஓடிவிடுவான். அவனால் பாதி கெடுதல். கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறவன், டீ குடிக்கிறவன், "உங்க கஷ்டத்த சொல்லுங்கம்மா" என்கிறவன் முழுக் கெடுதல்.

போன புதன்கிழமை வந்த ரஞ்சித்குமார் இரண்டாவது சாதி. அதுவும் கயிறு கட்டிய ஷூ; அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் பிடித்தது. சென்னையில் ஆராய்ச்சி மாணவர். 'கட்டாய இடப்பெயர்வும் மறுகுடியமர்வுச் சவால்களும்' என்பது தலைப்பு. கையில் நாற்பத்திரண்டு கேள்வி.

"நீங்க எங்கேர்ந்து வந்தீங்கம்மா?"

"தோ, வூட்டாண்ட இருக்கற கொல்லையிலேர்ந்து. இப்பதான் களை எடுத்துட்டு வர்றேன்."

"இல்லம்மா, உங்க முன்னோருங்க. காஞ்சிபுரத்துலேர்ந்து மலைக்கு வந்தாங்கன்னு சொல்றாங்களே?"

கன்னியம்மாள் உஷாரானார். ஆமாம் என்றால், பட்டாவைக் காஞ்சிபுரத்தில் போய்க் கேள் என்று எவனாவது எழுதிவிடுவான்.

"சொன்னவங்க கூடவே வந்தாங்களா?"

ரஞ்சித்குமார் அந்தக் கேள்விக்குக் கோடு போட்டுவிட்டு, "இடம்பெயர்றதுன்னா..." என்று விளக்கத் தொடங்கினார்.

"தெரியும் சாரு. காவலூர்ல நட்சத்திரத்தப் பாக்கறாங்களே, அவங்க கிட்டயே கேட்டேன். அதுங்கூட எடம் மாறிக்கினேதான் இருக்குமாம். அதுக்கு எவனாவது மனுவ திருப்பி அனுப்பினானா? அத வுடு. மொதல்ல நீ சொல்லு, உன் வூடு எங்க?"

வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். பிறந்தது சென்னையில், ஆற்றோரக் குடிசையில். எட்டாவது படிக்கும்போது இடித்துவிட்டார்கள். ஊருக்கு வெகு வெளியே நாலாவது மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. அதன் பிறகு வாடகை வீடுகள், இப்போது விடுதி.

"அப்போ உன்னாண்ட எவனாவது வந்து இந்த நாப்பத்திரண்டும் கேட்டானா?"

"யாரும் கேக்கலம்மா."

கன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு காகிதங்களைக் கொண்டு வந்தார். "படிச்சவன்தானே. இத படி. சேத்து ஒண்ணும் படிக்காத."

முதல் காகிதம், மனுதாரர் வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜமுனாமரத்தூரில் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி என்றது. இரண்டாவது, வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வீட்டைப் பார்வையிட வருகிறோம், குடியிருப்பு இல்லையென்றால் மனு தள்ளுபடி என்றது. அனுப்பிய அலுவலகங்கள் வேறு வேறு. நேரத்தில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. ரஞ்சித்குமார் இரண்டு எண்களுக்கும் போன் போட்டார். ஒன்று அடித்து அடித்து ஓய்ந்தது. மற்றது உபயோகத்தில் இல்லையாம்.

மங்கம்மாளோ கல்யாணத்துக்குப் படவேட்டுக்கு இறங்கியிருந்தார். தீர்த்தகிரி குடகில்.

வியாழன் காலை எட்டரைக்கு ரஞ்சித்குமார் மிச்சக் கேள்விகளோடு வந்து ஷூவைக் கழற்றினார். கன்னியம்மாள் அவரை அடுப்பு முன்னால் உட்கார வைத்து, விளார்க் கட்டை எடுத்துப் பக்கத்தில் போட்டார்.

"பொகை நிக்கக் கூடாது. ஆளு வந்தா இன்னா சொல்லுவ?"

"அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்கன்னு சொல்றேன்."

"அடப்பாவி, கெட்டுது போ! 'போயிருக்காங்க'ன்னு சொன்னா 'போய்ட்டாங்க'ன்னு எழுதுவான். 'தோ வந்துடுவாங்க'ன்னு சொல்லு."

"தோ வந்துடுவாங்க."

"நீ யாருன்னு கேட்டா?"

ஆராய்ச்சி மாணவர் யோசித்தார். "ஆராய்ச்சி..."

"அத சொன்னா உன்னையும் சேத்து தள்ளுபடி பண்ணுவான். ஒறவுன்னு சொல்லு. இந்தா, என்ன ஆபீசுக்கு வரச் சொன்ன நோட்டீச காட்டு. எழுந்து போவ மாட்டியே?"

"எங்கம்மா போகப் போறேன்? நம்புங்க."

"நம்பறேன் தம்பி. நம்பாமதான் வூட்ட உங்கையில வுட்டுட்டுப் போறனா?"

முதல் நாள் முழுக்க 'சாரு', இப்போதுதான் 'தம்பி'. ரஞ்சித்குமார் நெகிழ்ந்துபோய் ஒரு விளாரை அடுப்பில் வைத்து ஊதத் தொடங்கினார். புகை அவர் முகத்திலேயே அடித்தது. கன்னியம்மாள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் குனிந்து, எதையோ பையில் அடைத்துக்கொண்டு, கல் பாதையில் வேகமாக இறங்கிப் போனார்.

ஒன்பது மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வளைவு திரும்பும்போது தலையை நீட்டி மேலே பார்த்தார். கூரைக்கு மேல் புகை கனமாக எழுந்து நின்றது. இருந்தாலும் மடியில் இருந்த பைக்குள் கையை விட்டு, ஆதார் அட்டைக்கும் மனு நகலுக்கும் அடியில் துழாவி, கயிறு கட்டிய ஷூ இரண்டும் இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.