அட்டைக்கு அந்தப் பக்கம்

காலை ஆறே முக்காலுக்கு அவர் அட்டையை நகர்த்துவார். சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய வெள்ளை அட்டை. மடிக்கணினித் திரையின் வலப் பாதியை மறைத்தபடி ஒரு கிளிப்பில் தொங்கும். இடப்பக்கம் தெரிவது ஒரு கோடு மட்டும். அட்டையை ஒரு நூல் தள்ளினால் கோட்டில் ஒரு நாள் கூடும். கூடிய துண்டு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் காலுறை போடுவார்.

அந்தப் பத்து நிமிடமும் நான் கார்ச் சாவியோடு அவர் வீட்டுக் கூடத்தில் காத்திருப்பேன். இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறோம். அவர் லிப்ட் பரிசோதகர். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, சான்றிதழைத் தட்டச்சு செய்வது என் வேலை. அலுவலகத்தில் அவருக்குக் கயிறு சார் என்று பெயர். அவர் மனைவி, வீட்டுக்காரம்மாவே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இரும்புக் கயிற்றைக் கண்ணால் பார்த்து அவர் நம்பியதே இல்லை. பழைய பனியன் துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிப்டை மெதுவாக ஓட விடச் சொல்வார். எங்கேயாவது ஒரு கம்பி இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். "கண்ணு நல்லாருக்குன்னு சொல்லும். துணி பொய் சொல்லாது" என்பார். பாரச் சோதனை நடக்கும்போது லிப்டுக்குள் எடைக்கட்டிகளை அடுக்கி, தாங்க வேண்டியதைவிடக் கால் பங்கு கூடுதலாக ஏற்றி அனுப்புவார். ஒரு கட்டடத்துக் காவலாளி, "நானும் கூட ஏறிக்கட்டுமா சார், மேல போகணும்" என்று கேட்டபோது அவரைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டுச் சொன்னார்: "ஆள் இல்லாம ஏத்தினா அது சோதனை. ஆளோட ஏத்தினா அது வேற பேரு."

வீட்டுச் சேமிப்பையும் அவர் அப்படித்தான் சோதிக்கிறார். இணையத்தில் அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. நம்மிடம் உள்ள பங்குகள், கடன் பத்திரங்கள், தங்கம் எது எவ்வளவு என்று அதில் குறிப்பிட வேண்டும். பிறகு பழைய சந்தை வீழ்ச்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், இன்றைய சேமிப்பு அன்றைக்கு இருந்திருந்தால் எவ்வளவு சரிந்திருக்கும், எழுந்திருக்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். எல்லோரும் அந்த விடையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள்.

கயிறு சார் விடையைப் பார்க்கவில்லை. பெரிய வங்கிகள் விழுந்த அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அட்டையை மாட்டிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு நாள் என்று போன மார்ச்சில் ஆரம்பித்தது. அந்த வருஷத்து மார்ச்சிலிருந்து பதினேழு வருஷம் கழித்து அதே தேதிகள் அதே கிழமைகளில் வருகின்றன. "நாளும் கிழமையும் தானா ஒத்துப்போச்சு. நான் தேடிப் போகல" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அப்புறம் மேல ஏறிடுச்சுன்னு ஊருக்கே தெரியுமே சார்?" என்று கேட்டேன்.

"தலைக்குத் தெரியும்" என்றார். வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "இதுக்குத் தெரியாது."

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வீழ்ச்சியின்போது அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்தாற்போல் பங்குகளில் சேமித்து வைத்திருந்தார்கள். அக்கா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இன்னும் ஐந்து வருஷத்தில் இரவுப் பணிக்கு முழுக்குப் போட்டுவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். பிப்ரவரி இருபத்தைந்து, புதன்கிழமை காலை, தம்பி போன் செய்து எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்கா விற்றார். சந்தை அதன் பிறகு பன்னிரண்டு நாள்தான் சரிந்தது. பிறகு ஏற ஆரம்பித்தது. வெளியே நின்ற இருவரும் பயந்துகொண்டு உள்ளே போகவே இல்லை. அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு. இன்னும் இரவுப் பணிதான். ஒருநாளும் அவர் தம்பியைக் குத்திக்காட்டியதில்லை. தம்பியும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

போன வருஷம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ரிட்டயர் ஆகும்போது கொஞ்சம் பணம் வருதுடா. எதுல போடட்டும்?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் தம்பி. அட்டை வந்தது அந்த வாரம்தான்.

அந்த வீட்டில் அதன் பிறகு இரண்டு காலண்டர்கள் ஓடின. வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார், வாய்த்துடுக்கு உள்ளவர். "எங்க வீட்டுல இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்காதீங்க. என்ன வருஷம்னு கேளுங்க" என்பார். ஆனால் மாதங்கள் போகப் போக அவர் சிரிப்பது குறைந்தது. கோடு சரிந்த நாட்களில் கயிறு சார் படியிறங்கும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்துவிட்டு எடையை வைப்பது போல. சட்னி அரைக்கும் சத்தத்துக்கே திடுக்கிட்டார். சுவரில் கைவைத்து நின்றார், சுவர் நிற்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

செப்டம்பரில் ஒருநாள் அலுவலக லிப்டில் எங்களோடு கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி ஏறினாள். இவர் அவளைப் பார்த்து, "பெரிய பேங்க் ஒண்ணு போயிடுச்சும்மா" என்றார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து அவள் அடுத்த மாடியிலேயே இறங்கி, கணவனுக்குப் போன் போட்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வங்கிக்கு ஓடச் சொன்னாள். அவன் மூச்சிரைக்க ஓடினால், வங்கி திறந்திருந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காசாளர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். இவர் சொன்ன வங்கி போய்ப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் அவள் சண்டைக்கு வந்தாள். இவர் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதும், அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஜன்னல் காற்றுக்கு அட்டை விழுந்துவிட்டது. நான் அப்போது அங்கே இருந்தேன். மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். "எடுத்து மாட்டு. நான் பாக்கல. நான் பாக்கல" என்றார்.

"எந்த இடத்துல?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"நவம்பர் இருபது. அதுக்கு மேல ஒரு நூல் கூடத் தெரியக் கூடாது."

மாட்ட வேண்டுமென்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும்? வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கயிறு சார் திரையை விட்டுவிட்டு மனைவி முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சோறு பரிமாறும்போது, வண்டிச் சாவி தேடும்போது, அவர் எதற்காவது பெருமூச்சு விட்டால் போதும். "என்ன? என்ன வரப்போகுது?" என்பார். "உங்க முதுகுக்குப் பின்னால பாத்திரம் வழியுது, அதுதான் வரப்போகுது" என்று அம்மா சமாளிப்பார். என்னிடம் வாசலில் வந்து சொன்னார்: "முகத்தைக் கழுவித் தொடைச்ச பலகை மாதிரி வச்சிக்க வேண்டியிருக்குங்க. தூக்கத்துல கூட வச்சிக்கறேன்."

பிப்ரவரி இருபத்தைந்து வந்தது. புதன்கிழமை.

நான் போனபோது கயிறு சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முடியைப் படிய வாரியிருந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழாயைக் கூட அம்மா இறுக்கி மூடியிருந்தார். ஆறே முக்காலுக்கு அட்டை நகர்ந்தது. கோடு இறங்கியது. பெரிய இறக்கம் ஒன்றும் இல்லை, ஒரு நகக்கீறல். அவர் கைகள் மேசைக்கு அடியில் போயின. ஐந்து நிமிடம் அப்படியே இருந்தார். நான் மூச்சை விட்டேன்.

அப்போது வலது கை மட்டும் வெளியே வந்தது. நான் சொல்வதை நம்ப வேண்டும், அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. கண் திரையில் இருந்தது. கை மேசையில் தடவி, போனை எடுத்து, அக்காவைக் கூப்பிட்டது.

"அக்கா." குரல் வேறு யாருடையதோ போல இளசாக இருந்தது. "வித்துடு. எல்லாத்தையும். சந்தை திறந்ததும் வித்துடு. இன்னும் கீழ போகும்க்கா."

அறை அத்தனை அமைதி. அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

"அன்னிக்கும் இதே நேரம்தான்டா கூப்பிட்ட. டியூட்டி முடிஞ்சு ஒரு கால்ல செருப்பு மாட்டியிருந்தேன். இன்னொரு கால் வெறுங்காலு. இப்பவும் அப்படித்தான் நிக்கிறேன்."

வீட்டுக்காரம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கயிறு சார் போனைக் காதிலிருந்து எடுத்து, அது எப்படித் தன் கைக்கு வந்தது என்பது போலப் பார்த்தார். அன்று ஒன்பது மாடிக் கட்டடத்தில் பாரச் சோதனை இருந்தது. வேறொரு பரிசோதகரை அனுப்பச் சொல்லிவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே அக்கா வந்திருந்தார். இரவுப் பணி முடிந்து நேராக வந்திருக்கிறார். வெள்ளைச் சீருடை, வீங்கிய பாதம், நெஞ்சுப் பக்கம் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரம். தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் பணத்தை பேங்க்லயே போட்டுடுக்கா" என்றார் தம்பி, நிமிராமல். "என்கிட்டக் கேக்காத. என் கை சரியில்ல."

"பேங்க்லதான் போடப்போறேன். உன்கிட்டக் கேக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "அப்ப எதுக்குக் கேட்ட?"

"பதினேழு வருஷமா நல்லாருக்கியா, சாப்பிட்டியான்னு மட்டும்தான்டா பேசற. இதைக் கேட்டாலாவது அதைப் பத்திப் பேசுவன்னு பாத்தேன். நீ என்னடான்னா பொட்டியைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்க."

"நான் சொல்லாம இருந்திருந்தா நீ இந்நேரம்..."

"இந்நேரம் வீட்டுல உக்காந்து கால் வலிக்குதுன்னு புலம்பியிருப்பேன். வாயை மூடு."

அவர் மடிக்கணினியை மூடப் போனார். அக்கா தடுத்தார். "மூடாத. பாதியில நிறுத்தினா காலம் பூரா அங்கயேதான் நிப்ப. இன்னும் எத்தனை நாள் கீழ போகும்?"

"பதினோரு நாளுக்கா."

"சரி. எனக்கும் தூக்கம் வராது. தினம் வரேன்."

மணி ஆறே முக்கால். அவர் அட்டையைத் தொட்டார். அட்டையின் விளிம்பு திரையில் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா திரைப் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் இரண்டு விரலை அழுத்தினார். மறு கையால் நெஞ்சிலிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்து, உதடு மட்டும் அசைய எண்ண ஆரம்பித்தார்.