மயில் மேல் வெட்டிய காசு

சூரபத்மனை முருகன் கொன்றுவிட்டதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொல்லவில்லை. வேலால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி சேவலாகிக் கொடியில் ஏறியது, மறுபாதி மயிலாகி வாகனமானது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதைதான். அந்த மறுபாதி பந்தல்குடிப் பக்கம் என் பாசிப்பயற்றுப் புஞ்சையில் குடியேறிய பிறகுதான் எனக்கு அதில் கருத்து வேறுபாடு வந்தது.

நான் தலை நரைக்கும்வரை அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளியவன். நம் சாமிகளின் நிர்வாகம் எனக்கு நன்றாகப் புரியும். மூன்று உலகத்தையும் ஆட்டிவைத்த ஒருவன் மாட்டுவான். அவனைப் பணிநீக்கம் செய்ய மாட்டார்கள், இடமாற்றம்தான். ஒருவனுக்குக் கொடியில் போஸ்டிங், ஒருவனுக்குக் காலடியில். இன்னொருவன் தான் செத்த நாளில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் தின்ன வேண்டும் என்று கேட்டு, அதையும் வாங்கிக்கொண்டு போனான். கெட்டதை அடியோடு அழிக்க முடியாது, ஒரு வேலையைக் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றலாகி வந்தவன் நம் செக்‌ஷனில் வந்து உட்காரும்வரை.

ஓய்வு பெற்ற பிறகு, பாளையம்பட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, மழையை நம்பிப் பயறு விதைத்தேன். காய் பிடித்ததும் மயில்கள் வந்தன. மனைவியின் பழைய சேலைகளை வேலி சுற்றிக் கட்டினேன். மயில்கள் அதன் நிழலில் இளைப்பாறின. செல்போனில் நாய் குரைக்கிற சத்தத்தை ஓடவிட்டேன். ஊர் நாய்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. கல்லை எடுத்தால் மனைவி கையைப் பிடித்துக்கொள்வாள்.

"முருகன் வாகனம்ங்க. அதுக வாய் வச்சு எம்புட்டுத் தின்னுரப் போகுது?"

அவளுக்கு அப்போது உலகமே நல்லதாகத் தெரிந்தது. மதுரையில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் ஏழு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம். சஷ்டிதோறும் மனைவி என்னோடு புஞ்சைக்கு வந்து, கீரை பறிக்கிறேன் என்று வடக்கு மூலைக்குப் போவாள். ஒரு பிடிக்கு மேல் கீரை வந்ததில்லை.

என்னை எரித்தது மயில்கூட இல்லை. பக்கத்துப் புஞ்சைக்காரரின் பயற்றில் ஒரு காய் குறையவில்லை. "நல்ல மனுசன் காட்டுக்குத்தான் சார் மயிலு வரும்" என்று அவர் சிரித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஆள்தான் மயிலைப் பழக்கி என் பக்கம் தள்ளிவிடுகிறான்.

திருச்சுழி போகிற வழியில் ஒரு கண்மாய்க்கரையில் கருப்பசாமி கோயில் இருக்கிறது. அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். களவு கொடுத்தவர்கள் சாமி முன்னால் நின்று குறையைச் சொல்லுவார்கள். பூசாரி ஒரு நாணயத்தை அரிவாளால் இரண்டாக வெட்டிப் போடுவார். அதன் பிறகு தப்புச் செய்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். மனுவுக்கு ரசீது கிடைக்காது என்பதைத் தவிர வேறு குறையே சொல்ல முடியாது.

"யாரு மேல வெட்டணும்?" என்றார் பூசாரி.

"மயிலு மேல."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "கருப்பன் காவக்காரரு சார். மயிலு முருகன் ஏறுற வண்டி. கலெக்டர் வண்டிய ஏட்டையா மறிப்பாரா?"

நியாயமாகத்தான் பட்டது. "அப்ப அதுகள என் காட்டுக்குப் பழக்கிவிட்ட ஆளு மேல வெட்டுவோம்" என்றேன்.

"அது செய்யலாம். பேரு?"

பேரைச் சொன்னால் நாளைக்கு வரப்புத் தகராறாகும். அதனால், "என் காட்டுக்கு மயிலைப் பழக்கியவர் எவராக இருந்தாலும் அவர் வம்சம் தழைக்காமல் போகட்டும்" என்று ஓட்டை இல்லாத ஆபீஸ் தமிழில் சொன்னேன். ஒரே வெட்டில் காசு இரண்டானது.

அன்று சாயங்காலம் தோசை சாப்பிட்டபடி மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"என்ன சொல்லி வெட்டுனீக?"

ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அவள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"நாந்தாங்க பழக்குனேன்."

மகளுக்குப் பிள்ளை வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டு, சஷ்டிக்கு சஷ்டி வடக்கு மூலையில் கம்பும் பொட்டுக்கடலையும் இறைத்திருக்கிறாள். நம் காட்டில் ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"பெறகு அடுத்தவுக காட்டுலயா போடுவாக?"

யார் தலையில் கை வைத்தாலும் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கிய அரக்கன் ஒருவன், கடைசியில் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருப்பானா என்று சிரித்திருக்கிறேன். சாபம் பலிக்குமா என்று கேட்டால் பகலில் இல்லை என்பேன். ஆனால் என் மகள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, பயந்துபோயிருந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினோம். வழி நெடுக அவள் சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெட்டியதைத் திரும்பப் பெற முடியுமா என்று பூசாரியிடம் கேட்டேன். "வெட்டுனவுகளும் வெட்டு வாங்குனவுகளும் சேந்து வந்து நிக்கணும். எங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிட்டோம்னு சாமிகிட்டச் சொல்லணும். எதிராளி வர சம்மதிச்சுட்டாரா?"

நான் பக்கத்தில் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கற்பூரத்தை ஏற்றினார்.

மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனாள். "கருப்பா, இவுக தெரியாம வெட்டிட்டாக. மனசுல ஒண்ணுமில்ல. அப்படியும் எதாச்சும் எறங்கித்தான் ஆகணும்னா என் தலையோட போகட்டும். பிள்ளைக்கு வேண்டாம்."

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "இவ சொல்றதக் கேக்காத சாமி. வாய் விட்டவன் நான். என் மேலயே எறக்கு" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. மயிலப் பழக்குனது நானு."

"வெட்டச் சொன்னது நான்தான?"

"சுகர வச்சுக்கிட்டு நீங்க எதத் தாங்குவீக?"

"உனக்கு மட்டும் முட்டி ஒழுங்கா இருக்கா?"

பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வெளிய அந்த வேப்பமரத்தடியில உக்காந்து பேசித் தீத்துக்கிட்டு வாங்க" என்றார்.