கடைசியாகக் காத்திருந்த எலிகள்

இடுக்கியின் நுனி சிறுநீரகத்தின் மேலிருந்த கொழுப்பை விலக்கியது. உள்ளே பாதித் துவரம்பருப்பு அளவில் ஒரு சுரப்பி. லெயோன்தீனின் கைகள் அதைக் கத்தரித்து, தாளில் ஒற்றி, தராசில் வைத்தன. முப்பத்தொரு மில்லிகிராம். வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலி அது. இருபதைத் தாண்டியிருக்கக் கூடாது.

லெயோன்தீன் கட்புவா மான்ட்ரியலில் ரோமக்கோட்டுப் பட்டறையிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள். அறுக்கும் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றாள். எடைக்குப் பக்கத்தில் அந்த எலி எத்தனையாவதாகச் செத்தது என்றும் எழுதுவாள். யாரும் கேட்டதில்லை.

மிரண்ட எலியின் ரத்தச் சாறுதான் மற்ற எலிகளின் சுரப்பியை வீங்கவைக்கிறது என்பது டாக்டர் ப்ருனெலின் பதினோரு வருட முடிவு. அதற்கான மாற்றுமருந்தை மேல்மாடியில் அதே சுரப்பி வீங்கிய மூன்று நோயாளிகளுக்குத் திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

கத்தியில் சாறு ஒட்டக் கூடாது என்பதால் உப்புநீர் எலிகளை முதல் மூன்று நாளில் அறுப்போம், சாறு ஊசி போட்டவற்றை அடுத்த மூன்று நாளில். இந்த முறை பனியில் குழாய் வெடித்த குழப்பத்தில், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓவிலா வரிசையை மாற்றி, சாறு எலிகளை முதலில் அனுப்பிவிட்டார்.

"ஓவிலா, இவை உப்புநீர் எலிகள்தானே?"

"காதுல அடையாள வெட்டைப் பாருங்க. எனக்குக் கண்ணு தெரியுது மத்மசேல், மூளைதான் உறைஞ்சுபோச்சு."

"காத்திருந்த கூண்டெல்லாம் எங்க இருந்துச்சு?"

"எப்பவும் போல இங்கதான். உங்க மேஜைக்கு எதிர்ல."

அவள் பழைய தாள்களை எடுத்தாள். எல்லா வருடமும் கடைசியில் செத்தவைதான் வீங்கியிருந்தன. பிறகு இந்த முறை முதல் நாள் அறுத்த சாறு எலிகளின் எடையைப் பார்த்தாள். பத்தொன்பது, பதினெட்டு, இருபது.

எதிரே ஆறு எலிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கியிருந்தன. தீனி தொடப்படவில்லை. மற்றவை அறுபடுவதைப் பார்த்துக் காத்திருந்தே அவை மிரண்டிருந்தன; அதற்குச் சாறு தேவைப்படவில்லை.

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லப் போறீங்களா?" என்றார் ஓவிலா. "ஏற்கெனவே வயித்துப் புண்ணு, வெறும் பால்தான் குடிக்கிறாரு. உங்க வேலை போயிரும்."

"மேல மூணு பேரு படுத்திருக்காங்க."

மீதி ஆறையும் அறுத்து எடைபோட்டாள். ஒவ்வொரு சுரப்பியும் முந்தியதைவிடக் கனத்தது. தாளை மையில் படியெடுத்தாள், செத்த வரிசை எண்ணை முதல் பத்தியில் வைத்து.

டாக்டர் ப்ருனெல் கோட்டோடு நின்றபடி பால் குடித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா மத்மசேல் கட்புவா? வழக்கம்போலத்தானே?"

"எடையை அப்புறம் பாருங்க டாக்டர். முதல் பத்தியைப் படிங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். காலியான கையை நீட்டினார். அந்தக் கையில் அவள் தாளை வைத்தாள்.