கடல் ராணியும் கொசுறும்

உலகம் அழிந்த பிறகு மயிலாப்பூரை யார் ஆள்வது என்பதுதான் ஷகீலாவின் கவலை. ஆழ்வார்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆளில்லை. அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! தைத்த நேரம் போக, போனிலேயே நாவல் எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் போட்டாள். கதையில் கடல் சென்னையை விழுங்கிவிட்டது. நல்ல தண்ணீர்க் கிணறு மேட்டு ராஜ்யத்திடம். மீனெல்லாம் கடல் ராஜ்யத்திடம். இரண்டு ராணிகளுக்கும் ஓயாத போர்.

இந்தப் போர் இன்று நேற்று தொடங்கியதில்லை. சுனாமி வந்த வருஷம் நொச்சிக்குப்பத்து ஜனங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஷகீலாவின் அத்தா அப்துல் வஹீத் அவர்களுக்கு டீ கொண்டுபோவார்; இவளும் கூடவே ஒட்டிக்கொள்வாள். அங்கேதான் தேசம்மா கிடைத்தாள். வராந்தாவில் சாக்பீஸால் கோடு கிழித்து, குழாய் இருந்த பக்கத்தை ஷகீலா ஆண்டாள். சோற்று அண்டா இருந்த பக்கத்தைத் தேசம்மா ஆண்டாள். துடைப்பக்குச்சிதான் வாள். எத்தனை சந்தோஷமான போர் அது! முகாம் கலைந்தபோது சண்டை பாதியில் நின்றுபோனது.

தேசம்மா இப்போது குப்பத்தில் மீன் விற்கிறாள். ஞாயிறுதோறும் ஷகீலா மீன் வாங்கப் போவாள். அந்த வாரம் எழுதியதைப் படித்தும் காட்டுவாள். தேசம்மா கேட்டுக்கொண்டே எடை போடுவாள். அதற்குமேல் ரெண்டு மீனைக் கொசுறாகப் போடுவாள். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

கடைசி அத்தியாயத்தில் கடல் ராணி சாக வேண்டும் என்று வாசகர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஷகீலாவும் கொன்றுவிட்டு, அதைக் கொண்டுபோய்ப் படித்தாள்.

"இன்னாடி, என்னிய சாவடிச்சிட்டியா?" என்றாள் தேசம்மா.

"கதைதான்டி. படிக்கிறவங்க கேக்கறாங்க."

"அவங்க இன்னா, வராண்டால நம்மகூட சண்ட போட்டவங்களா?"

தேசம்மா மீனை எடை போட்டாள். தராசு சரியாக நின்றது, கொசுறு விழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஷகீலா அழுதுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கதைக்கு வேறு முடிவு எழுதிக்கொண்டு போனாள். போருக்கு நடுவே மேட்டு ராணி எதிரியின் படகுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோகிறாள். குடத்தை இறக்கிவைத்த பிறகு, இது கொசுறு என்று ஒரு சொம்புத் தண்ணீரையும் நீட்டுகிறாள்.

தேசம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பால? சண்ட முடிஞ்சிபோச்சா?"

"எங்க முடியுது! தண்ணி குடிச்சிட்டு ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிக்கிறாங்க."

தேசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனை நிறுத்துப் பையில் கொட்டினாள். போன வாரத்துக் கொசுறையும் சேர்த்துப் போட்டாள்.