வன அதிகாரிக்கு மறுபடியும் ஜுரம்

அந்தத் தொடர்கதை முடிந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக வாரப் பத்திரிகையில் வந்த கதை. மலைமேல் ஒரு வன அதிகாரி, யாரிடமும் சிரிக்காதவன். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர். இருவரும் பேசிக்கொண்டதே ஏழெட்டு முறைதான் இருக்கும். கடைசி வாரம் அவனுக்கு மாற்றல் வந்தது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முற்றும்.

எழுதியவர் முற்றும் என்று போட்டுவிட்டால் ஆயிற்றா? ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது என்று நான் எழுதினேன். பாதை சரிந்துவிட்டது. நனைந்துகொண்டே நடந்து திரும்பியவன் டீச்சர் வீட்டு வாசலில் வந்து விழுந்தான். தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி வகுப்பு. நான் கிளம்பும்போதே அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்திருப்பார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்குள்ளேயே நடந்துபோய், மாடி ஏறி, இன்னொரு தட்டல் சத்தத்துக்குள் நுழைந்துவிடுவேன். இரண்டுக்கும் நடுவே நான் முழுசாக விழித்துக்கொண்டதாக நினைவில்லை. விரல்கள் பாடத்தை அடிக்கும். கண் ஜன்னலில் வெளுக்கிற வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு மட்டும் அங்கே மழை பெய்யும்.

பயிற்சித் தாள்களின் பின்பக்கத்தில் கதையை அடித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். தாள் கைமாறிக் கைமாறிப் போகும். முதல் ஜுரத்துக்கு எல்லோரும் கண் கலங்கினார்கள். இரண்டாவது ஜுரம் அவன் காட்டுத்தீயை அணைக்கப் போனதில் வந்தது. மூன்றாவது தேனீ கொட்டி. நான்காவதற்கு நான் காரணம்கூடச் சொல்லவில்லை.

"மறுபடியும் ஜுரமா?" என்றாள் பக்கத்து மெஷினில் அடிப்பவள். "இன்னாடி இது, இவன் அதிகாரியா, நோயாளியா? ஜல்தியா கல்யாணம் பண்ணி வைடி."

கல்யாணத்தில் எனக்கு ருசியில்லை. ஈரத்துணியைப் பிழிந்து அவள் அவன் நெற்றியில் போடுவது, கஞ்சியை ஆற்றிக் கொடுப்பது, மனதில் இருப்பதையெல்லாம் அவன் பிதற்றிவிடுவது, கண் விழித்ததும் அது அவனுக்கு நினைவில்லாமல் போவது. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். யாரையும் பக்கத்தில் விடாத ஒருவன் எழுந்து ஓட முடியாமல் கிடக்கிறான். அவனிடம் ஒருத்தி அன்பாக இருந்தால் தடுக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. அந்த வரிகளை அடிக்கும்போது என் காதுமடல் சூடாகும்.

அதிகமாகத் திட்டியது நர்ஸ் அக்காதான். கண்ணமங்கலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஏதாவது ஓர் ஆபீசில் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றே டைப் கற்க வந்தவர்.

"நீ எங்கனா ஜுரத்த பாத்திருக்கியாமா?" என்பார். "நூத்தி நாலு ஏறினா எவன் இப்படி அழகா பேசறான்? வாந்தி எடுப்பான். வாய் நாறும். பெட்ஷீட்ட யாரு மாத்தறது? வார்டு வார்டா நான் பாத்துகினு இருக்கேன். எவனும் இந்த மாதிரி படுத்துகினு இல்ல."

"கதைதானேக்கா?"

"கதையின்னாலும் ஒரே பேஜாரு."

திட்டினாரே தவிர ஒரு தாளையும் படிக்காமல் விட்டதில்லை.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. பாயில் சுருண்டு கிடந்தார். டாக்டர் ஊசி போட்டு மாத்திரை கொடுத்திருக்கிறாராம். ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று வந்துவிட்டாராம்.

"ஏன்க்கா?"

"அங்க படுத்தா பக்கத்து பெட்டுல யாராவது கூப்டுவாங்க. நானே எழுந்து போயிடுவேன்."

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து, துணியை நனைத்துப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டேன்.

"நெத்தியிலயே வச்சிகினு இருந்தா இன்னா ஆவும்? கழுத்து, அக்குள் எல்லாம் தொடச்சி விடு."

துடைத்தேன். குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தார். பேசின் பிடித்தேன். அவர் சொன்ன மாதிரியே நாறியது. கழுவி ஊற்றிவிட்டு வந்து பாயை மாற்றினேன். என் தாள்களில் இருந்த அழகு ஒன்றும் அந்த அறையில் இல்லை. ஆனால் குளிர்ந்த கையை அவர் நெற்றியில் வைத்தபோது கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சை மட்டும் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து, "அந்த ஆபீசர் கத இருக்குதா?" என்றார்.

என் பையில்தான் இருந்தது. "எந்த எடம்க்கா படிக்கட்டும்?"

"ஜுரம் வர்ற எடம்."

நான்காவது ஜுரத்தைப் படித்தேன். வெளியே மழை கனத்துக்கொண்டே வந்தது. தறிச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது.

"தெர்மாமீட்டர் வச்சாளா அவ?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இல்லக்கா."

"மக்கு டீச்சர்."

அவன் கண் விழிக்கிற இடத்துக்கு வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு. அவன ஜல்தி எழுப்பிடாத. இன்னும் ரெண்டு நாள் படுத்துகினு இருக்கட்டும்."

அதற்குமேல் தாளில் இருப்பதைப் படித்தால் அவன் எழுந்துவிடுவான். தாளை மடியில் கவிழ்த்துவிட்டு வாயால் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். கூரையில் எங்கோ ஒழுகியது, பாத்திரம் வைத்தாள். யாரும் எதற்கும் அவசரப்படவில்லை. சொல்லச் சொல்ல அந்த மலைவீடும் இந்த அறையும் ஒன்றில் ஒன்று கரைந்து, என் கைக்குக் கீழே இருப்பது யாருடைய நெற்றி என்பதே மறந்துபோயிற்று. அக்கா எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. தூங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளில் எழுந்துவிட்டார். வகுப்புக்கு வந்த அன்று, படி ஏறும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தினி வருசமா நான்தான் எல்லாரையும் பாத்துகினு வரேன். ஒருத்தர் பாத்துக்க, நாம சும்மா படுத்துகினு இருந்தா நல்லாதான்மா இருக்குது."

அதற்குப் பிறகு ஜுர வேலையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் எழுதினேன். குளிர் முதலில் வருமா, வியர்வை எப்போது, உதடு எத்தனையாவது நாள் வெடிக்கும் என்று மெஷின் சத்தத்தின் மறைவில் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து மெஷின்காரிக்குத்தான் தாளவில்லை. "கதையில வாந்தியெல்லாம் எதுக்குடி? முன்னாடி ஜுரமாவது நல்லா இருந்துச்சு!"

அக்கா பரீட்சை பாஸ் செய்து, வெம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஆபீசில் வேலைக்குப் போனார். பஸ் ஏற்றிவிடப் போனபோது அந்தத் தாள்களையெல்லாம் கேட்டார். கட்டாகக் கொடுத்துவிட்டேன். நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே டைப் அடித்த கடிதம் வந்தது. நாற்காலி வசதியாக இருக்கிறது என்றும், மதியத்தில் தூக்கம் வருகிறது என்றும் எழுதி, அதிகாரி எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். டைபாய்டு, மூன்றாவது வாரம் என்று பதில் போட்டேன்.

பிறகு எனக்குப் போளூரில் கல்யாணமாகி, எழுதுவது நின்றுபோனது. படிப்பது நிற்கவில்லை. கதையில் ஜுரம் வரவைப்பது மலிவான உத்தி, அழவைக்கும் வேலை என்று படித்தவர்கள் சொல்லும்போது நானும் தலையாட்டுவேன். அவர்கள் சொல்வது சரிதான். இருந்தாலும் ஏதாவது ஒரு கதையில், யாருக்கும் வளையாத ஆள் ஒருவர் லேசாக ஒரு தடவை தும்மினால் போதும். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.